.303-க்கும் .315-க்கும் நடுவுல: சட்டம் டிசைன் பண்ணிய தோட்டா

எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேசும்போது வந்த இழுவை, ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்னது, இதையெல்லாம் வெட்டிட்டுப் படிக்கத் தோதா அடுக்கியிருக்கேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இன்னைக்கு விஷயம். "அண்ணா, அமெரிக்காவுல பழைய ராணுவ ரைபிள் தோட்டாவோட கூட்டை வாங்கி, கழுத்தைச் சுருக்கி, வேட்டைக்குன்னு புதுத் தோட்டாவே டிசைன் பண்றாங்களாம். 'வைல்ட்கேட்'னு பேராம். நம்ம ஊர்ல அப்படி ஏதாவது உண்டா?"

முண்டந்துறைப் பக்கம் வைல்ட்கேட்னா காட்டுப்பூனைதான் தம்பி, அதைத் தொட்டாலே வனத்துறை வந்துடும். விளையாட்டு போதும். நேர் பதில்: இங்கே தனி ஆள் யாரும் தோட்டா டிசைன் பண்ண முடியாது, சட்டம் விடாது. ஆனா அதே மாதிரி ஒரு டிசைன் வேலை இந்தியாவுக்காக நடந்திருக்கு. வழக்கமான வைல்ட்கேட்டை மானும் கரடியும் மனசுல வச்சு ஒரு வேட்டைக்காரர் வரைவார். நம்ம ஊர்த் தோட்டாவோட அளவை முடிவு பண்ணினது, ஜனங்க கையில துப்பாக்கி இருக்கேங்கிற பயம். அந்தத் தோட்டா பேரு .315. இன்னைக்கும் லைசென்ஸ் இருந்தா வாங்கலாம்.

எனக்கு இதுல ஒரு சொந்த அக்கறையும் இருக்கு. எங்க பெரியப்பாவுக்குக் கடையம் பக்கம் வாழைத் தோட்டம். அவங்க அப்பா காலத்து .315 ரைபிள் ஒண்ணு லைசென்ஸோட வீட்ல இருக்கு. இந்தத் தடவை அதை ரினியூ பண்றதா, ஒப்படைச்சிடறதான்னு பெரியப்பா கேட்டாங்க. அதுக்குப் பதில் சொல்லணும்னுதான் நான் இவ்வளவும் படிச்சேன்.

முதல்ல தோட்டான்னா என்னன்னு பார்த்துடுவோம். நாலு பொருள். முன்னாடி குண்டு. உள்ளே மருந்து. பின்னாடி நடுவுல பிரைமர், ஊசி போய்த் தட்டுனதும் பொறி கொடுக்கிறது. இந்த மூணையும் பிடிச்சு வச்சிருக்கிற பித்தளைக் கூடு நாலாவது. ஜனங்க குண்டைத்தான் பெருசா நினைப்பாங்க. இன்ஜினியர் கண்ணுக்குக் கூடுதான் பெருசு. வெடிக்கிற அந்த நொடியில பித்தளை விரிஞ்சு, துப்பாக்கி அறையோட சுவர்ல அப்பிக்கிட்டு, வாயு பின்பக்கம் வராம அடைக்கும். அழுத்தம் இறங்குனதும் ஒரு நூலளவு சுருங்கும், அப்போதான் வெளியே உருவ முடியும். பிரஷர் குக்கர் கேஸ்கெட் பண்ற வேலைதான், ஆயிரம் மடங்கு முரட்டுத்தனமா.

அந்தக் கூடு அறைக்குள்ள அச்சு அசலா உட்காரணும். கூட்டோட வடிவத்துல அடி, உடம்பு, தோள், கழுத்துன்னு பாகம் பாகமா இருக்கும். அறையும் அதே வடிவத்துல குடைஞ்சிருக்கும். ஆக, ஒரு துப்பாக்கியில எந்தத் தோட்டா போகும், எது போகாதுங்கிறதை முடிவு பண்றது கூட்டோட வடிவம். எங்க தொழில் பாஷையில இது இன்டர்ஃபேஸ். வீட்டு பாஷையில சொன்னா 5 ஆம்ப் பிளக், 15 ஆம்ப் பிளக். கிரைண்டரோட தடி பிளக்கைச் சின்ன சாக்கெட்ல சொருகிப் பாருங்க, போகாது. போகக் கூடாதுன்னே அப்படிச் செஞ்சிருக்காங்க. இந்தப் பிளக்கை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

வைல்ட்கேட் போடறவங்க ராணுவக் கூட்டைத் தேடுறதுக்குக் காரணம் காசு. புதுசா ஒரு கூட்டை அடியிலிருந்து செய்ய ஃபேக்டரி வேணும், அச்சு வேணும். ராணுவமோ போர் சமயத்துல கோடிக்கணக்குல செஞ்சு போட்டிருக்கும், அது சல்லிசா கிடைக்கும். கூட்டோட அடிப்பாகம் ஒண்ணுதான் என்பதால போல்ட்டை மாத்த வேண்டாம். கழுத்தை மட்டும் சுருக்கியோ விரிச்சோ, அதுக்கேத்த பேரலை மாட்டி, அறையைக் குடைஞ்சா புதுத் தோட்டா தயார். அமெரிக்க ராணுவம் 1906-ல எடுத்த .30-06 கூட்டிலிருந்து .35 வீலன் 1922-ல வந்தது. 1925-ல வின்செஸ்டர் கம்பெனியே அதே கூட்டைச் சுருக்கி .270 வெளியிட்டது. .25-06-ன்னு ஒண்ணு, தனி ஆட்கள் பட்டறையில 1920 வாக்குல பிறந்து, அரை நூற்றாண்டு காட்டுப்பூனையாவே திரிஞ்சுட்டு, 1969-ல ரெமிங்டன் கம்பெனி தத்தெடுத்த பிறகுதான் வீட்டுப்பூனை ஆச்சு. ஜெர்மன் மவுசர் 7×57 கூடும் இப்படி நிறைய குட்டி போட்டிருக்கு. ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல பரிசா வந்த .275 ரிக்பி ரைபிள் சுடுறதும் அந்த 7×57 ராணுவத் தோட்டாதான், இங்கிலீஷ் பேரு வச்சது மட்டும் வித்தியாசம்.

பித்தளையைப் பத்தி ஒரு வார்த்தை. பேர்லயே தாமிரம் இருக்கிற ஆத்துக்கரைக்காரன், சொல்லாம விட மனசு வரலை. தோட்டாப் பித்தளை சுமார் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். பித்தளைப் பாத்திரம் தட்டுற பட்டறையில பார்த்திருப்பீங்க: தட்டத் தட்ட உலோகம் இறுகும், கொஞ்ச நேரத்துல விரிசல் விடப் பார்க்கும், உடனே நெருப்புல காட்டி இளக்கிட்டு மறுபடி தட்டுவாங்க. தோட்டாவோட கழுத்தைச் சுருக்கும்போதும் அதேதான். சுருக்குன இடத்துல உள்ளழுத்தம் தங்கிடும். கழுத்தை மட்டும் சூடு காட்டி இளக்கணும், அடிப்பாகம் இளகவே கூடாது, ஏன்னா அழுத்தத்தைத் தாங்குறது அடிதான். ராணுவத் தோட்டாவோட கழுத்துல வானவில் மாதிரி ஒரு கருக்கல் தெரியும் பாருங்க, அது அழுக்கு இல்லை, அந்தச் சூடு பட்ட அடையாளம்.

இந்தப் பாடம் படிச்சதே இந்தியாவுலதான். பிரிட்டிஷ் படை மழைக்காலத்துல தோட்டாக்களைக் குதிரை லாயத்துல போட்டு வைக்கும். மழை முடிஞ்சு எடுத்துப் பார்த்தா கழுத்துக் கழுத்தா வெடிச்சுக் கிடக்கும். ஏதோ பருவகாலக் கோளாறுன்னு நினைச்சு அதுக்கு "பருவ விரிசல்"ங்கிற அர்த்தத்துலயே பேரு வச்சாங்க. 1921-லதான் காரணம் தெளிவாச்சு: குதிரை மூத்திரத்திலிருந்து வர்ற அம்மோனியா, ஈரக்காத்து, பித்தளைக்குள்ள தங்கின உள்ளழுத்தம், மூணும் சேர்ந்தா விரிசல். மூணுல ஒண்ணை எடுத்துட்டா விரிசல் இல்லை. எடுக்கச் சுலபமானது உள்ளழுத்தம், சூடு காட்டுனா போயிடும். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச டீபக்கிங் கதை, தனி எபிசோடே போடலாம்.

சரி, பயத்துக்கு வருவோம். ஜனங்க கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்குற கதை திருநெல்வேலிச் சீமைக்குப் புதுசு இல்லை. 1799 அக்டோபர் 16-ல கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க. ரெண்டு வருஷத்துல ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்பக் கட்டி மறுபடி போர். அதை அடக்கி முடிச்ச கையோட, 1801 டிசம்பர்ல மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார்: தெற்குச் சீமையில பாளையக்காரர் கோட்டைகள் தரைமட்டம், ஜனங்க ஆயுதம் வச்சிருக்கக் கூடாது. நாடு முழுக்க லைசென்ஸ் முறையைக் கடுமையாக்கின ஆயுதச் சட்டம் 1878-லதான் வருது. அதாவது மத்த ஊருக்கு அந்தச் சட்டம் வர்றதுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னாடியே நமக்கு வந்தாச்சு. 1878 சட்டத்துல வெள்ளைக்காரங்களுக்கு விலக்கு, இந்தியருக்கு லைசென்ஸ். அந்த ஓரவஞ்சனையைத்தான் காங்கிரஸ் தலைவர்கள் பல வருஷம் எதிர்த்தாங்க.

1857-க்கு அப்புறம் ராணுவத்துக்குள்ளேயே ஒரு கொள்கை வந்துச்சு. இந்தியச் சிப்பாய்க்குக் கொடுக்கிற துப்பாக்கி, வெள்ளைச் சிப்பாய் வச்சிருக்கிறதை விட ஒரு தலைமுறை பழசா இருக்கணும். அவங்க மார்ட்டினி-ஹென்றி பிடிச்சப்போ நம்மாட்கள் கையில ஸ்னைடர். இங்கே ஒரு வேடிக்கை பாருங்க. 1871-ல வந்த மார்ட்டினி-ஹென்றியோட தோட்டா பேரு .577/.450. பேரைப் பிரிச்சுப் படிச்சாலே கதை தெரியும்: .577 ஸ்னைடர் கூட்டை நீட்டி, கழுத்தை .450-க்குச் சுருக்கினது. ராணுவமே போட்ட வைல்ட்கேட்.

இந்த .450 தான் பின்னாடி தலைவலி ஆச்சு. மார்ட்டினி துப்பாக்கிகள் படையை விட்டுப் போன பிறகும் எல்லைப்புறத்துலயும் கலகக்காரர்கள் கையிலயும் நிறையச் சுத்திக்கிட்டிருந்தது. அதே சமயத்துல யானை, காட்டெருமை வேட்டைக்குத் துரைமார்கள் விரும்பின பெரிய ரைபிளும் .450 தான். 1898-ல லண்டன் ரிக்பி கம்பெனி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ். தோட்டா ரெண்டும் வேற வேற. ஆனா குண்டோட குறுக்களவு கிட்டத்தட்ட ஒண்ணு. வேட்டைத் தோட்டாவிலிருந்து குண்டை உருவி மார்ட்டினிக்குப் போட்டுட்டா? 1907-ல இந்திய அரசாங்கம் .450 ரைபிள், தோட்டா இறக்குமதிக்கே தடை போட்டது. சூடானுக்கும் அதே தடை.

லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகளுக்குப் பெரிய சந்தை இந்தியா. உடனே ஓட்டமா ஓடினாங்க. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .500/.465 கொண்டுவந்தது. ஜோசப் லாங் பேர்ல .470 வந்தது. .475, .476 எல்லாம் அந்த வரிசைதான். இதுல ஒவ்வொண்ணும் பண்ற வேலை பழைய .450 பண்ணின வேலையேதான். யானைக்கு .450-க்கும் .470-க்கும் வித்தியாசம் தெரியாது. சுங்கத்துறை அதிகாரியோட பட்டியலுக்குத்தான் தெரியும். இன்னைக்கும் ஆப்பிரிக்காவுல பெரு வேட்டைக்குப் போறவங்க .470-ஐத் தலையில தூக்கி வச்சுப் பேசுவாங்க. அது அங்கே போய்ச் சேர்ந்த வழியில இந்திய அரசாங்கத்தோட ஒரு தடை உத்தரவு இருக்கு.

(நாலு வருஷம் கழிச்சு, 1911 ஜூன் 17-ல, மணியாச்சி ஜங்ஷன்ல வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரௌனிங் பிஸ்டலால. ரைபிள் பட்டியலை எவ்வளவு கவனமா எழுதினாலும், ஆபத்து அந்தப் பட்டியலைப் படிச்சுட்டு வராது.)

இப்போ .315. ராணுவத்தோட .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாதுங்கிறது கொள்கை. ஆனா லைசென்ஸ் உள்ள ஜமீன்தார், எஸ்டேட்காரர், அதிகாரிகளுக்கு விற்க ஒரு ரைபிள் வேணும். பர்மிங்காம்ல பிஎஸ்ஏ கம்பெனிகிட்ட லீ-என்ஃபீல்ட் இயந்திரம் தயாரா இருக்கு, அதே போல்ட், அதே மேகசின். அதுக்குள்ள போற, ஆனா .303 இல்லாத தோட்டா ஒண்ணு வேணும். அவங்க எடுத்தது ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையோட 8×50 மான்லிச்சர். ஐரோப்பாவோட அந்தக் கோடியில இருக்கிற படைத் தோட்டா, இந்தியாவுல எந்தப் பட்டாளமும் வச்சிருக்காத தோட்டா. 8 மில்லிமீட்டரை அங்குலமாக்கினா 0.315. அதுதான் பேரு.

கறாராப் பேசினா இது வைல்ட்கேட் இல்லை, ஏன்னா கூட்டோட வடிவத்தை யாரும் மாத்தலை. ஒரு தேசத்தோட ராணுவத் தோட்டாவை இன்னொரு தேசத்தோட ராணுவ ரைபிள்ல குடியேத்தினாங்க. ஆனா அந்தத் தேர்வுல இருக்கிற இன்ஜினியரிங், எந்த வைல்ட்கேட்டுக்கும் குறைஞ்சதில்லை. அளவைப் பாருங்க. கூட்டோட பின் விளிம்பு .303-ல சுமார் 13.7 மி.மீ., .315-ல சுமார் 14. கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால போல்ட்ல பெருசாக் கை வைக்க வேண்டாம். ஆனா விளிம்புக்கு முன்னாடி உடம்போட தடிமன் .303-ல சுமார் 11.7, .315-ல சுமார் 12.5. நீளம் .303-ல 56, .315-ல 50. இப்போ மாத்திப் போட்டுப் பாருங்க. .315 தோட்டா .303 அறைக்குள்ள போகாது, உடம்பு தடி. .303 தோட்டா .315 அறைக்குள்ள பாதி போய் நின்னுடும், ஏன்னா .303-ஓட தோள் இன்னும் முன்னாடி இருக்கு, அந்த இடத்துல .315 அறை ஏற்கெனவே கழுத்தாச் சுருங்கிடுச்சு. ரெண்டு பக்கமும் அடைப்பு. 5 ஆம்ப், 15 ஆம்ப்.

அப்போ ஜனங்களுக்குப் பலவீனமான தோட்டாவைக் கொடுத்தாங்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம், பிளஸ் டூ பிசிக்ஸ் போதும். .303 ராணுவத் தோட்டாவோட ஏழாம் மார்க்: குண்டு 174 கிரெயின், அதாவது 11.3 கிராம். வேகம் விநாடிக்கு சுமார் 744 மீட்டர். பாதி நிறை, வேகம் ரெண்டு தடவை பெருக்கு: ஏறக்குறைய 3,100 ஜூல். .315-க்குக் குண்டு 244 கிரெயின், 15.8 கிராம். வேகம் விநாடிக்கு 620 மீட்டரை ஒட்டி. வர்றது ஏறக்குறைய 3,000 ஜூல். நூறு ஜூல் வித்தியாசம்! முதல் தடவை இந்தக் கணக்குப் போட்டப்போ எனக்கே சிரிப்பு வந்தது. தூரத்துல .303 கூரான குண்டு ஜெயிக்கும், உண்மைதான். ஆனா நூறு மீட்டருக்குள்ள பன்றியோ சிறுத்தையோ நின்னா அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அங்கேதான் டிசைனோட நோக்கம் வெளிப்படுது. பட்டாளத்துக் கிடங்கிலிருந்து ஒரு பெட்டி .303 காணாமப் போச்சுன்னு வைங்க. அது ஊர்ல இருக்கிற எந்த லைசென்ஸ் ரைபிளுக்கும் தீனியாகாது. கலகக்காரன் ஒரு பட்டாளத்து ரைபிளைத் தூக்கிட்டுப் போனாலும், ஊர்க் கடையில அதுக்குத் தோட்டா கிடையாது. சக்தியைப் பத்தி சட்டம் கவலைப்படவே இல்லை. ரெண்டு சப்ளைக்கும் நடுவுல இருக்கிற இணைப்பை வெட்டறதுதான் வேலை.

போலீஸையும் விடலை. சிறைக் காவலருக்கும் போலீஸுக்கும்னு இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில .303 ரைபிளைத் துருவி, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத .410 மஸ்கட்டா மாத்தினாங்க. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான், மேகசின் இருந்த இடத்துல மரக்கட்டை. தோட்டா எப்படிச் செஞ்சாங்க தெரியுமா? .303 கூட்டை எடுத்து, கழுத்தைச் சுருக்காம நேராவே விட்டுட்டாங்க. ராணுவக் கூட்டிலிருந்து பிறந்த உள்ளூர்த் தோட்டான்னு தம்பி கேட்டாரே, உண்மையான பதில் இதுதான். அரசாங்கமே போட்ட காட்டுப்பூனை, அதுவும் நகத்தை வெட்டி விட்ட பூனை.

இது இந்தியாவுல மட்டும் நடந்ததுன்னும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்துல ராணுவ அளவு ரைபிளுக்குக் கட்டுப்பாடு வந்தப்போ, .303 கூட்டைச் சுருக்கி .303/25-ன்னு ஒண்ணு போட்டு கங்காரு சுட்டாங்க. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில 8×57-க்குத் தடங்கல் வந்தப்போ, அறையை மூணு மில்லிமீட்டர் நீட்டி 8×60 ஆக்கிட்டாங்க. ஆனா அங்கெல்லாம் சட்டத்தைத் தாண்ட ஜனங்க பண்ணினது. இங்கே கம்பெனியும் அரசாங்கமும் கைகோத்துப் பண்ணினது.

சுதந்திரம் வந்துச்சு, 1959-ல புது ஆயுதச் சட்டம் வந்துச்சு, வெள்ளைக்காரனுக்கு விலக்குப் போச்சு. ஆனா .303 தடை அப்படியே நின்னுடுச்சு. 1962 விதிகளோட அட்டவணையைப் படிச்சுப் பாருங்க: .303, 7.62 அளவு ரைபிள் மட்டும் தடை இல்லை, அந்த ராணுவத் தோட்டாவை அறைக்குள்ள ஏத்திச் சுடக்கூடிய எந்த அளவு ரைபிளும் தடைங்கிற பொருள்ல எழுதியிருக்கும். .410 மஸ்கட்டும் அதே பட்டியல்ல. பவர் எவ்வளவுன்னு கேள்வியே கிடையாது. என்ன பிளக் சொருகும்ங்கிறதுதான் கேள்வி. எழுதினவர் யாரோ, ஒரு நல்ல சிஸ்டம் ஆர்கிடெக்ட்.

இதோட விளைவு இன்னும் வேடிக்கை. நம்ம ராணுவம் எடுத்துக்கிட்ட 7.62×51 தடைசெய்யப்பட்ட போர். சுமார் 3,300 ஜூல். அமெரிக்க ராணுவத்தோட .30-06, 3,800 ஜூலை ஒட்டி வரும், அதை விடப் பலசாலி. ஆனா நம்ம படை அதை வச்சிருக்கலை, அதனால அது அனுமதிக்கப்பட்ட போர். இஷாப்பூர்லயே .30-06 ஸ்போர்ட்டிங் ரைபிள் செஞ்சு லைசென்ஸ்தாரருக்கு வித்திருக்காங்க. .315-ஐயும் அவங்கதான் லீ-என்ஃபீல்ட் அச்சுல இத்தனை வருஷமாச் செய்யறாங்க. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் 14 வருஷம். பேரளவுல பார்த்தா .303-க்கும் .315-க்கும் நடுவுல இருக்கிறது 0.3 மில்லிமீட்டர்.

இந்த வேலி ஒழுகாம இருந்துச்சான்னா, இல்லை. பட்டாளத்துப் பக்கம் அடைச்சாங்க, கடைப் பக்கம் திறந்து விட்டாங்க. லைசென்ஸ் கடையில சட்டப்படி கிடைக்கிற ஒரே பரவலான ரைபிள் தோட்டா பல காலம் .315 தான். அதனால வடக்கே, முக்கியமா உத்தரப் பிரதேசம், பீகார்ப் பக்கம், கள்ளத்தனமாச் செய்யற நாட்டுக் கைத்துப்பாக்கிங்க அந்த அளவுக்கே செய்யப்படுது. ".315 போர் கட்டா பறிமுதல்"னு ஹிந்திப் பேப்பர்ல வராத வாரம் கிடையாது. 3,000 ஜூல் ரைபிள் தோட்டாவைத் தண்ணிக் குழாய் மாதிரி ஒரு பேரல்ல வச்சுச் சுடுறான். எதிரே நிக்கிறவனுக்கு எவ்வளவு ஆபத்தோ, பிடிச்சிருக்கிற கைக்கும் அவ்வளவு ஆபத்து. கலகக்காரன் கைக்குப் போகக் கூடாதுன்னு தேர்ந்தெடுத்த தோட்டா, ரவுடி கைக்குப் போயிடுச்சு. தோட்டா வாங்கக் கணக்கு, காலிக் கூட்டுக்குக் கணக்குன்னு கெடுபிடி வந்ததுக்கு இதெல்லாம் காரணம்.

இப்போ பெரியப்பா கேள்விக்கு வர்றேன். வேட்டைங்கிற பேச்சே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முடிஞ்சது. முண்டந்துறை 1962-லயே சரணாலயம், களக்காடு 1976-ல, ரெண்டும் சேர்ந்து 1988-ல புலிகள் காப்பகம். மலையடிவாரத்துல மிச்சம் இருக்கிற பிரச்சினை காட்டுப்பன்னி. ஒரு ராத்திரியில அரை ஏக்கர் வாழைக்கன்றைக் கிழங்கோட கிண்டிப் போட்டுட்டுப் போயிடும். பெரியப்பா தோட்டத்துல பார்த்திருக்கேன், டிராக்டர் ஓட்டின மாதிரி இருக்கும்.

2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முறை அறிவிச்சாங்க. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் பன்னியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1-லிருந்து 3 கிலோமீட்டர் வரை பிடிச்சுக் காட்டுல விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால சுடலாம், ஆனா சுடுறது பயிற்சி பெற்ற வனத்துறைக்காரங்க. அதாவது மூணு மண்டலத்துல எதுலயும் பெரியப்பாவோட ரைபிளுக்கு வேலை இல்லை.

வேலை இருந்தாலும் அந்த இடத்துக்கு அது தப்பான சாமான்னு நான் சொல்வேன். 15.8 கிராம் குண்டு, விநாடிக்கு 600 மீட்டருக்கு மேல. வாழை மரம் அதுக்குத் தண்ணி நிரம்பின காகிதம். நம்ம பள்ளத்தாக்கு வயல் தட்டையா கிடக்கு, பின்னாடி குண்டைத் தடுக்க மண்மேடு கிடையாது, வாய்க்கா தாண்டினா அடுத்த ஊர்த் தெரு. தவறின குண்டு கிலோமீட்டர் கணக்குல போகும். எதிர்ப்படைச் சிப்பாயைத் தூரத்துல வீழ்த்தப் பிறந்த கூடு, எத்தனை தடவை பேரு மாத்தினாலும் அந்த வேகம்தான் அதுக்குள்ள இருக்கு. பன்னிரண்டு போர் குழல்னாலும் குருணை சில நூறு மீட்டர்ல ஓய்ஞ்சு விழுந்துடும்.

அதே சமயம், ரைபிளை ஒப்படைச்சா பன்னி வராம இருக்குமா? சட்டப்படி வழி ஒண்ணும் கையில நிக்கலைன்னா சிலபேர் அவுட்டுக்காய் வைக்கப் போயிடறாங்க, பழத்துக்குள்ள வெடி. அதைப் பன்னி மட்டும் கடிக்காது, மாடு கடிக்கும், யானை கடிக்கும். நாட்டுத் துப்பாக்கியைவிட மோசமான சாமான் அது. எனக்குத் தெரிஞ்சு அடிவாரத்து விவசாயிக்கு இப்போ உருப்படியா இருக்கிறது வேலியும், நஷ்ட ஈட்டு மனுவும், வனத்துறைக்குப் போன் பண்ணிட்டுக் காத்திருக்கிறதும்தான். காத்திருக்கிற ராத்திரி யாருக்குன்னு கேட்டா, விவசாயிக்குத்தான்.

பெரியப்பாகிட்ட நான் சொன்னது இவ்வளவுதான். பன்னிக்காக ரினியூ பண்ணாதீங்க, அதுக்கு இதை எடுக்க முடியாது. தாத்தா ஞாபகத்துக்குன்னா பண்ணுங்க, ஆனா தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கிறது, தோட்டாக் கணக்கு, பூட்டின பெட்டி எல்லாத்தையும் உங்க காலத்துக்கு அப்புறம் யார் பார்ப்பாங்கன்னும் யோசிச்சுக்கோங்க. "நீ வாங்கிக்கிடுவியாலே?"ன்னு கேட்டாங்க. பெங்களூர்ல ரெண்டாவது மாடி வாடகை வீட்ல ரைபிளை எங்கே வைக்க? இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

தம்பிக்கும் ஒண்ணு. வீடியோவுல அமெரிக்காக்காரர் சமையல் மேசையில கூட்டைச் சுருக்கி மருந்து அளந்து போடறதைப் பார்த்துட்டு, இங்கே காலிக்கூடு தேடிக் கிளம்பிடாதீங்க. 1959 சட்டத்தோட 5-ஆம் பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாம ஆயுதமோ தோட்டாவோ செய்யறதும் மாத்தறதும் குற்றம். டிசைன்தான் பிடிச்சிருக்குன்னா கம்ப்யூட்டர்ல வரைங்க. கூட்டோட கொள்ளளவு, தோளோட கோணம், அழுத்தம், வேகம் எல்லாத்துக்கும் சமன்பாடு இருக்கு. நான் .303, .315 ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வரைஞ்ச படத்தை இந்தப் பக்கத்துலயே போட்டிருக்கேன். தோள் எங்கே இடிக்குதுன்னு சிவப்புல காட்டியிருக்கேன், பாருங்க.